மாடு போன முதல் ராத்திரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 29, உலகப் புலிகள் தினம் வந்தால் போதும், எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் வரிசையாகப் புலிப் படங்கள்தான். 2006 கணக்கெடுப்பில் 1,411 என்றிருந்த நாட்டின் புலிகள் 2022இல் 3,682 ஆகிவிட்டன, அதில் கர்நாடகத்தில் மட்டும் 563 என்ற செய்தியும் கூடவே வரும். சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கணக்கைப் பார்த்தாலே எனக்கு 2025 ஜூன் 26 ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அன்றைக்குத்தான் மலை மாதேஸ்வரா வனவிலங்கு சரணாலயத்தில், ஹூக்யம் வனச்சரகத்தில், ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன.

எங்களைப் போன்ற பெங்களூருத் தமிழர்கள் பலருக்கு மாதேஸ்வரன் மலை சொந்த ஊர் மாதிரி. நாங்கள் அல்சூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாகப் போவோம். சேலம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மேட்டூர், பாலாறு வழியாக ஏறி வந்து மலைமேல் சேர்ந்துகொள்வார்கள். அந்தச் சாமிக்கு வாகனமே புலி. புலிமேல் உட்கார்ந்த மாதேஸ்வரன் படத்துக்கு வீட்டில் தினமும் விளக்கேற்றுகிறோம், அவர் மலையிலேயே புலிக்கு விஷம் வைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது மனசு ஆறவே இல்லை.

விஷம் வைப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் இதில் பயங்கரம். புலி மாட்டை அடித்தால் ஒரே வேளையில் தின்று தீர்க்காது, மிச்சத்தைத் தேடி மறுபடி வரும், குட்டிகள் இருந்தால் அவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். துப்பாக்கி வேண்டாம், கண்ணி வேண்டாம், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை அந்த மிச்ச இறைச்சியில் கலந்துவிட்டால் ஒரு குடும்பமே போய்விடும். குட்டிகள் ஏறக்குறைய இரண்டு வயது வரை தாயோடுதானே திரிகின்றன! மாடு போன ஆத்திரத்தில் இப்படிச் செய்ததாகச் சொல்லித்தான் அப்போது சிலரைக் கைது செய்தார்கள்.

குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சரி, உள்ளே போட்டாகிவிட்டது, புலி திரும்பி வருமா? மாடு செத்த அன்றைக்கே அந்த வீட்டுக்கு யார் போனார்கள் என்றுதான் நான் கேட்கிறேன். அரசு நஷ்டஈடு தருகிறது, ஆனால் அதற்கு மனு, கால்நடை மருத்துவர் சான்று, அப்புறம் காத்திருப்பு. புலி அதுவரை காத்திருக்காது, ஓரிரு ராத்திரிக்குள் மாட்டிடம் திரும்பி வந்துவிடும். அந்த முதல் ராத்திரியில் மாடு கிடக்கும் இடத்தில் வனக் காவலர் ஒருவர் இருக்க வேண்டும், மாட்டுக்காரர் கையில் கொஞ்சம் பணமும் இருக்க வேண்டும். காவலுக்கு ஆள் எங்கே? அந்தச் சமயத்தில்தான் அங்கே ஒப்பந்தக் காவலர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை என்றும் செய்தி வந்தது. சம்பளமில்லாத மனிதர் ராத்திரியில் காட்டுக்குள் போய் உட்காருவாரா?

பண்டிப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளுக்குத் தடை இருப்பது ஊட்டிக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றிச் சண்டை போடவும் ஆள் இருக்கிறது. 906 சதுர கிலோமீட்டர் கொண்ட மாதேஸ்வரா காடும் சாதாரணமானதில்லை. நம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டித்தான் இருக்கிறது, புலிக்கு மாநில எல்லையெல்லாம் தெரியாது, இங்கே செத்தால் அங்கேயும் குறையும். ஆனாலும் இந்தக் காட்டைப் பற்றிப் பேச ஆளில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். அமாவாசைக்கும் தீபாவளி ஜாத்திரைக்கும் நாம் உண்டியலில் போடும் காசில் ஒரு சிறு பங்கைக் கோயில் நிர்வாகம் தனியாக எடுத்து வைத்து, புலி மாட்டை அடித்தால் அன்று மாலைக்குள் அந்த வீட்டில் முன்பணமாகக் கொடுக்கட்டும், அரசுப் பணம் வந்ததும் கழித்துக்கொள்ளட்டும். உங்கள் நிருபர்கள் ஹனூரிலும் அந்தியூரிலும் விசாரித்து, ஒரு மாட்டுக்கு நஷ்டஈடு வந்து சேர எத்தனை நாள் ஆகிறது என்று மாதாமாதம் போடுங்கள். அடுத்த அமாவாசைக்கு மலைக்குப் போகும்போது கோயில் அலுவலகத்தில் இதை மனுவாகவே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு