களப்பணியை ஐப்பசியில் வையுங்கள்: நகரத் திட்டமிடல் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் நகரத் திட்டமிடலில் முதுநிலைப் பட்டம் வழங்கும் துறைகளின் பாடத்திட்டக் குழுக்களுக்கு இதை எழுதுகிறேன். அந்தப் பட்டம் பெற்று, இன்று ஊர்களுக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும் வேலையில் இருப்பவள் நான். கேட்பது ஒன்றுதான். மாணவர்களின் களப்பணியை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வையுங்கள். கையில் கிராமத்து நிலக் கணக்கோடு அனுப்புங்கள்.

கணினியில் நாம் விரிக்கும் செயற்கைக்கோள் படம் மேகமில்லாத நாளில் எடுத்தது, பெரும்பாலும் கோடைக்காலம். அதில் ஏரியின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பு, காய்ந்த திடலாகத் தெரியும். மாணவர் அதைக் காலி நிலம் என்று குறித்து, குடியிருப்புக்கு ஏற்றது என்று வண்ணம் தீட்டிவிடுவார். அதே மாணவரை அடைமழை நாளில் ஏரிக்கரையில் நடக்க விடுங்கள். ஏரி நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் எந்த மட்டத்தில் வழிகிறது, வழிந்த தண்ணீர் எந்தக் கால்வாயில் இறங்குகிறது, அந்தக் கால்வாய் எந்தத் தெருவில் சாக்கடை அளவுக்குச் சுருங்கி யார் வீட்டு மதிலில் முட்டி நிற்கிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்ப்பார். அடுத்த ஏரி எது என்று கரையில் மாடு மேய்ப்பவர் கைகாட்டுவார். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் நிலங்களின் வகையைப் புல எண் வாரியாகச் சொல்லும் ‘அ’ பதிவேட்டையும், அளவைக் காட்டும் புலப்படத்தையும் கேட்டு வாங்கிப் புல எண்ணைத் தேடினால், தெரு என்று நினைத்த இடம் கணக்கில் வாய்க்கால் புறம்போக்கு என்றிருக்கும். இந்தப் பதிவேட்டை ஒருமுறைகூடப் புரட்டாமல் ஒருவர் நகரத் திட்டமிடுநர் ஆகிவிட முடிகிறதே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொல்லித்தர ஆள் இல்லாமல் போகவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடஸ் 1915-லேயே சென்னையில் நகரத் திட்டமிடல் கண்காட்சி நடத்தினார். முதலில் கப்பலில் வந்த காட்சிப் பொருள்களை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் கடலில் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டி அனுப்பியதை வைத்து நடத்தினார். அவர் படித்தது உயிரியல். ஊரைக் கால்நடையாகச் சுற்றி, அங்கிருப்பவர்களின் வாழ்க்கையை அறிந்த பிறகே திட்டம் என்பது அவருடைய முறை. மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்காதீர்கள், மீனும் வாத்தும் விடுங்கள் என்று தம் இந்திய அறிக்கைகளில் வாதாடினார். 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதன்பின் நாம் செய்தது என்ன? மயிலாப்பூர் நெடு ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, ஏரி இல்லை. பெருமழை பெய்தால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் தேங்குவதைக் கண்டு ஏன் வியக்க வேண்டும்?

தென்சென்னையில் பெரும்பாக்கத்தைப் பாருங்கள். ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அடுக்குமாடிகளில் குடியேற்றியிருக்கிறோம். வெள்ளத்துக்குத் தப்பவைக்கிறோம் என்று சொல்லித் தாழ்நிலத்தில் குடிவைப்பது எந்த ஊர் நியாயம்?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவுபடுத்தும் ஆணை 2022-இல் வந்துவிட்டது. 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. விரிந்த பகுதி முழுக்க ஏரிகள். அவற்றின் நடுவே சாலைக்கும் மனைக்கும் கோடு போடப்போவது இன்று உங்கள் வகுப்பில் இருப்பவர்கள். சிற்றூர்களின் நிலை இன்னும் மோசம்: நாட்டின் 7,933 நகர்ப்புறங்களில் 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. ஆகவே மாணவர்களைச் சென்னைக்குள்ளேயே சுற்றவிடாமல் பேரூராட்சிகளுக்கும் அனுப்புங்கள். அங்கே கண்டறிந்ததை அந்த ஊர் மக்கள்முன் தமிழில் விளக்கிச் சொல்ல வையுங்கள். வரைவுத் திட்டத்தின்மீது மக்களின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். புரியாத வரைபடத்துக்கு யார் ஆட்சேபணை எழுதுவார்கள்?

பருவத் தேர்வு அந்த மாதங்களில்தானே வருகிறது என்பீர்கள். தேர்வைத் தள்ளி வைக்கலாம். வடகிழக்குப் பருவமழையைத் தள்ளி வைக்க முடியாது. ஓய்வுபெற்ற நில அளவையர்களையும் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களையும் பயிற்றுநர்களாக அழையுங்கள், மதிப்பூதியம் கொடுங்கள். பாடத்திட்டக் குழு அடுத்து கூடும்போது இந்தக் கோரிக்கையை விவாதத்துக்கு எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி