வைராலஜி படிக்க வருகிறவர்களுக்கு

ஆசிரியருக்கு,

வைரஸ்களை ஆராயும் வைராலஜி முதுநிலைப் படிப்பு பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். நான் அதே படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. பாடத்திட்டம், வேலைவாய்ப்பு எல்லாம் சரி. ஆனால் இந்தப் படிப்பில் பாதி நேரம் செல்களை வளர்ப்பதிலேயே போகும் என்பதை யாரும் சொல்வதில்லை.

வைரஸ் தானாகப் பெருகாது. உயிருள்ள செல் வேண்டும். நாங்கள் வளர்க்கும் வீரோ செல்கள், 1962-இல் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்ட செல்களின் வழியில் வந்தவை. 37 டிகிரியில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊட்டக் கரைசலை மாற்ற வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் செல்லுக்குத் தெரியாது. ஒருமுறை பூஞ்சை புகுந்து, மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போனது. அன்று அழுதுவிட்டேன்.

அப்புறம் பிளாக் (plaque) சோதனை, அதாவது வைரஸ் துகள்களை எண்ணும் முறை. செல்கள் வளர்ந்த தட்டில் வைரஸை விட்டுச் சில நாள் காத்திருப்போம். பிறகு கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயத்தை ஊற்றிக் கழுவினால், ஊதாத் தட்டில் குண்டூசித் தலை அளவுக்கு நிறமேறாத புள்ளிகள். செல்கள் செத்த இடங்கள் அவை. பெரும்பாலும் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு வைரஸ் துகளில் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டு எண்ணினேன்!

சேர நினைப்பவர்கள் முதலில் ஒருநாள் ஆய்வகத்தில் நின்று பார்க்க, கல்லூரிகள் அனுமதிக்க வேண்டும். இதை உங்கள் நாளிதழ் வலியுறுத்தி எழுத வேண்டுகிறேன்.

– ஒரு முதுநிலை மாணவி