சுவருக்கு எஸ்டிமேட் கேட்கிறார்கள்

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகம்,

இங்கு நலம். உன் முழங்காலைப் பற்றிக் கேட்கமாட்டேன். கேட்டால் அதற்கே நான்கு பக்கம் எழுதுவாய். கமலா பார்வதியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். சாமுவேல் வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததை அவன் மன்னித்துவிட்டான். நான் மன்னிக்கவில்லை. பந்தியில் பக்கத்தில் பேச ஆளில்லாமல், அவனுடைய சம்பந்தி கிரானைட் வியாபாரத்தை விவரிப்பதை ரசம் முதல் பாயசம் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மனைப்பிரிவின் பின்னால், புளியமரத்தை ஒட்டி ஒரு மண்பாதை போகிறதே, நீ திருட்டுத்தனமாக பீடி பிடிக்கும் இடம், அதை அடைத்துச் சுவர் எழுப்பப் போகிறார்களாம். எட்டடி உயரம், உச்சியில் கண்ணாடிச் சில்லு. அந்தப் பக்கத்துக் காலனிக்காரர்கள் பஸ் நிறுத்தத்துக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். அதை அடைத்தால் ஊரைச் சுற்ற வேண்டும். இரண்டு சைக்கிள் திருடு போனதுதான் காரணம். திருடியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சுவர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. "சார் பொதுப்பணித் துறையில் இருந்தவர், சங்கத்துக்காக எஸ்டிமேட்டை இலவசமாகவே போட்டுத் தருவார்" என்று சங்கச் செயலாளர் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். கைதட்டினார்கள். சண்முகம், என் சர்வீஸ் முழுக்க எனக்கு யாரும் கைதட்டியதில்லை, அந்த மதகுக்குக்கூட. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அஸ்திவாரத்தின் ஆழம் எழுதும்போதே மனம் பெர்லினுக்குப் போய்விட்டது. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பெர்லின் சுவர் நின்ற பெர்னவர் தெருவுக்கு அழைத்துப் போனாள். எல்லோரும் ஓவியம் தீட்டிய சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நமக்கு ஓவியமா முக்கியம்? கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். முழுப் பகலும் அங்கேயே கழிந்தது. கமலா பாவம், ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஊரில் உள்ள எல்லோருக்கும் போன் பேசி முடித்துவிட்டாள்.

அந்தத் தெருவின் கதை விசித்திரமானது. ஒரு பக்கத்து வீடுகள் கிழக்கு பெர்லினுக்குச் சொந்தம். அவற்றின் முன்னால் இருக்கும் நடைபாதையோ மேற்கு பெர்லின். வாசலைத் திறந்து காலை வெளியே வைத்தால் வேறு ஆட்சி. 1949 முதல் 1961 வரை கிழக்கு ஜெர்மனியிலிருந்து சுமார் 30 லட்சம் பேர் மேற்கே போய்விட்டார்கள். மருத்துவர், பொறியாளர், ஆசிரியர் என்று படித்தவர்களாகப் பார்த்துப் போனார்கள். "சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை" என்று 1961 ஜூன் 15 அன்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். ஆகஸ்ட் 13 விடிவதற்குள் முள்கம்பி இழுத்தாகிவிட்டது. பிறகு இந்தத் தெருவில் வாசற்கதவுகளை அடைத்தார்கள். மக்கள் ஜன்னல் வழியே குதித்தார்கள். ஜன்னல்களையும் செங்கல் வைத்துப் பூசினார்கள். இடா சீக்மன் என்ற பெண்மணி ஆகஸ்ட் 22 காலையில் தன் மெத்தை, படுக்கைத் துணிகளைக் கீழே எறிந்துவிட்டு மாடியிலிருந்து குதித்தார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மறுநாள் அவருக்கு 59ஆவது பிறந்தநாள். மெத்தை மேல் விழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். மேலே நின்று பார்க்கும்போது அந்த உயரம் எப்படித் தெரிந்திருக்குமோ, என்னால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

அதே தெருவில் 1964 அக்டோபரில் சுரங்கம் வழியாக 57 பேர் தப்பினார்கள். மேற்குப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரொட்டிக்கடையின் அடித்தளத்திலிருந்து மாணவர்கள் தோண்டியது. 145 மீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம். யாரும் டெண்டர் விடவில்லை, யாரும் அளவுப் புத்தகம் எழுதவில்லை.

சுவரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கடைசித் தலைமுறைச் சுவர் ஆலையில் வார்த்த கான்கிரீட் துண்டுகள். ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், இரண்டரை டன்னுக்கு மேல் எடை, அடியில் பாதம் நீட்டியிருக்கும். உச்சியில் உருண்டையான குழாய், கை பிடிக்க விளிம்பே கிடைக்காதபடி. தடவிப் பார்த்தேன், நல்ல வேலை, அதுதான் வயிற்றைக் கலக்கியது. நினைவுப் பொருளுக்காக ஆட்கள் கொத்திப் பெயர்த்த இடங்களில் கம்பி வெளியே தெரிகிறது. சுவர் இல்லாமல் போன இடத்தில் அதன் தடத்தைக் காட்டத் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். "காசு தீர்ந்துவிட்டதா இவர்களுக்கு?" என்று கேட்டாள் கமலா.

எதிரே உள்ள மேடையில் ஏறினால், விட்டுவைத்த ஒரு பகுதியை மேலிருந்து முழுதாகப் பார்க்கலாம். சுவர் என்பது ஒன்றல்ல. கிழக்கிலிருந்து வருபவனுக்கு முதலில் ஒரு உள்சுவர். அடுத்து, தொட்டால் காவல்காரர்களுக்கு எச்சரிக்கை போகும் வேலி. பிறகு காவல்கோபுரம், விளக்கு வரிசை, ரோந்துப் பாதை. அதன் பிறகு, காலடித் தடம் பதிவதற்காக வாரிச் சமன்படுத்திய மணல். இவ்வளவும் தாண்டினால்தான் உலகம் படத்தில் பார்த்த அந்தச் சுவர். வண்டியை மறிக்கும் பள்ளம் வெட்டிய இடங்களில்கூடக் கிழக்கிலிருந்து வரும் வண்டிதான் மாட்டும். அரசாங்கம் வைத்த பெயரோ பாசிச எதிர்ப்புப் பாதுகாப்புச் சுவர்! மேற்கிலிருந்து வரும் பகைவனைத் தடுக்கவாம். பள்ளத்தை எந்தப் பக்கம் பார்த்து வெட்டியிருக்கிறான் என்று ஒரு ஓவர்சியரை அழைத்துக் கேட்டிருந்தால் போதும், உண்மையைச் சொல்லியிருப்பான். அங்கே குறைந்தது 140 பேர் செத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எந்தச் சுவரைப் பற்றிப் படித்தாலும் பள்ளம் எந்தப் பக்கம் என்றுதான் தேடுகிறேன். ரோமானியர்கள் பிரிட்டனில் கி.பி. 122இல் தொடங்கிய ஹேட்ரியன் சுவர், வடக்கத்திக் காட்டுமிராண்டிகளைத் தடுக்க என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வடக்கே பள்ளம் இருக்கிறது, சரி. தெற்கேயும், அதாவது தங்கள் பக்கத்திலேயே, பெரிய பள்ளம் வெட்டிக் கரை கட்டியிருக்கிறார்கள். மைலுக்கு ஒரு வாசல் வேறு. அடைப்பதற்கு மட்டும் கட்டுபவன் இத்தனை வாசல் வைப்பானா? யார் வருகிறார், போகிறார், என்ன கொண்டுபோகிறார் என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறான்.

சீனச் சுவரைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல! மிங் காலத்தில் சுண்ணாம்புக் கலவையில் பசையரிசிக் கஞ்சி சேர்த்தார்களாம், நம் ஆட்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்த்ததுபோல. அதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவு கெட்டியான சுவரில், 1644இல் வூ சான்குய் என்ற தளபதி ஷான்ஹாய் கணவாய் வாசலைத் திறந்துவிட, மஞ்சுக்கள் என்ற வடக்கத்திப் படையினர் நடந்தே உள்ளே வந்தார்கள்.

நம் நாட்டுச் சமாச்சாரம் ஒன்று உனக்கே தெரியாது என்று பந்தயம் கட்டுகிறேன். வெள்ளைக்காரன் உப்புக்காக ஒரு வேலி போட்டான். சிந்து நதியிலிருந்து மகாநதி வரை சுமார் 2,300 மைல் சுங்கக் கோடு. அதில் நெடுந்தூரம் கள்ளியும் கருவேலும் களாவுமாக வளர்த்த முள்வேலி. 1869இல் ஏறக்குறைய 12,000 பேர் காவல். வரி கட்டாத உப்பு உள்ளே வந்துவிடக் கூடாது, அதற்குத்தான் இவ்வளவும். அந்த வேலியைச் செழிக்கவைத்த சுங்க அதிகாரி யார் தெரியுமா? பின்னாளில் காங்கிரஸைத் தொடங்கிவைத்த அதே ஏ.ஓ.ஹியூம்! 1879இல் கைவிட்டார்கள்.

மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. தலித் மக்களின் தெருக்களைப் பிரித்து நின்ற அந்தச் சுவரை, 1989 கலவரத்துக்குப் பிறகு அமைதிக்காகக் கட்டியது என்றுதான் கட்டியவர்கள் சொன்னார்கள். 2008 மே மாதத்தில் அதன் ஒரு பகுதியை இடித்தபோது நீயும் நானும் டீக்கடையில் நின்று பேப்பர் படித்தோம். நம் ஊர்ப் பக்கம் இப்படி நடக்காது என்று நீ சொன்னாய். வந்து பார்.

ஏனென்றால் எங்கள் சங்கத்துச் சுவரிலும் ஒரு வாசல் உண்டு. காலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்திருக்குமாம், வீட்டு வேலைக்கு வருபவர்களுக்காக. இஸ்திரிக்காரருக்கு அடையாள அட்டை தருவார்களாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாசல் இல்லை. பாத்திரம் தேய்க்க வரலாம், பஸ் பிடிக்கப் போகக் கூடாது. இதற்குப் பெயர் பாதுகாப்பு. நான் எழுந்து கேட்டேன். "சார், நீங்கள் செலவை மட்டும் சொல்லுங்கள்" என்றார் பொருளாளர். நேற்று முளைத்த பயல்!

அதனால் உன்னிடம் ஒரு வேலை. நீ கடைசியாக இந்த வட்டத்தில்தானே நிலஅளவையில் இருந்து ஓய்வு பெற்றாய். அந்த மண்பாதை பழைய புல வரைபடத்தில் வண்டிப்பாதையாக இருக்கிறது என்று என் உள்மனம் சொல்கிறது. பொதுப்பாதையாகப் பதிவாகியிருந்தால் அதை அடைக்க இவர்கள் யார்? சர்வே எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உன் பழைய சிஷ்யர்களில் யாராவது அலுவலகத்தில் இருந்தால் முறைப்படி மனுப் போட்டு, முத்திரையிட்ட நகலாகவே வாங்கு. செல்பேசியில் படம் பிடித்து அனுப்பாதே, இவர்கள் முத்திரைக்குத்தான் பயப்படுவார்கள். அடுத்த கூட்டம் வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு. எஸ்டிமேட்டுக்குப் பதிலாக அதைத்தான் மேஜையில் வைக்கப் போகிறேன். செயலாளர் மனைவி நம்மோடு பேசுவதையே நிறுத்திவிடுவாள் என்று எச்சரித்தேன். கமலா இப்போதே சந்தோஷமாக இருக்கிறாள்.

அன்புடன்,
ரங்கராஜன்