வாங்காதவர்களின் புறக்கணிப்பு யாரைத் தொடும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடியோ கேம்களில் காசு கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே திறக்கும் 'லூட் பாக்ஸ்' பற்றிப் பேச்சு வந்தாலே, "பிடிக்காதவர்கள் வாங்காமல் இருக்கட்டும், நிறுவனம் தானே வழிக்கு வரும்" என்கிறார்கள். ஒருமுறை அப்படி நடந்தது உண்மை. 2017 நவம்பரில் இஏ நிறுவனத்தின் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' கேமில் இருந்த லூட் பாக்ஸுக்கு ரசிகர்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் கேமுக்குள் காசு வாங்குவதை நிறுவனம் நிறுத்தியது.

அதே இஏ, ஃபிஃபா கால்பந்து கேமில் வீரர் அட்டை 'பேக்' விற்பதை நிறுத்தவில்லை. எந்த வீரர் வருவார் என்று தெரியாமலே திறக்கும் இதுவும் லூட் பாக்ஸ்தான். 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில், ஃபிஃபா உள்ளிட்ட அதன் கேம்களில் இந்த அட்டைகளைக் கொண்டு அணி அமைக்கும் 'அல்டிமேட் டீம்' பகுதி மட்டும் 162 கோடி டாலர் ஈட்டியது. பேட்டில்ஃபிரன்ட் முழு விலை கொடுத்து வாங்கும் கேம். வாங்க இருந்தவர்கள் பின்வாங்கினால் முதல் நாளே அடி விழும். பேக் விற்பனையில் பெரும்பணம் திரும்பத் திரும்ப வாங்கும் சிலரிடமிருந்தே வருகிறது. ஏற்கெனவே வாங்காதவர்கள் புறக்கணித்து என்ன ஆகும்? கையை நிறுத்த முடியாதவர்தான் இங்கே முக்கிய வாடிக்கையாளர்.

வாய்ப்பு விகிதத்தைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்றால், ஃபிஃபா 19 முதல் காட்டப்பட்ட விகிதத்தில் அரிய அட்டைகளுக்கு '1 சதவீதத்துக்கும் குறைவு' என்றுதான் இருந்தது. 0.9 சதவீதமும் அதுதான், 0.01 சதவீதமும் அதுதான். சரியாக 1 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், 100 பேக் திறந்து கேட்ட அட்டை கிடைக்காமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. 95 சதவீத உறுதிக்கு 299 பேக் திறக்க வேண்டும். தென்கொரியாவில் இதைவிட மோசம்: 'மேப்பிள்ஸ்டோரி' கேமில் ஆடுபவர்கள் காசு கொடுத்து, அதிர்ஷ்டத்தை நம்பிப் பெற முயன்ற சில திறன் சேர்க்கைகள் வரவே வராதபடி மாற்றிவிட்டு அதைச் சொல்லாமல் மறைத்ததற்காக, 2024 ஜனவரியில் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது.

ஃபிஃபா பேக்கைக் காசுக்கு விற்பது பெல்ஜியத்தில் 2019 ஜனவரி இறுதியில் நின்றது, அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்த பிறகுதான். ஆனாலும் 2022இல் வெளிவந்த ஆய்வின்படி, அங்கே அதிகம் சம்பாதித்த 100 ஐபோன் கேம்களில் 82இல் லூட் பாக்ஸ் இருந்தது. தடை போட்டால் போதாது, கண்காணிக்க ஆள் வேண்டும்.

வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே துல்லியமான விகிதமும், கேமுக்குள் மட்டும் செல்லும் 'காயின்' கணக்கில் அல்லாமல் உண்மையான பண விலையும் இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் கணக்கில் இந்த விற்பனை தொடக்கத்திலேயே மூடியிருக்க வேண்டும். அதுவரை பெற்றோர் ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' அமைப்புக்குள் 'இன்-ஆப் பர்ச்சேஸ்' அனுமதியை நிறுத்திவிடலாம். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். அந்தப் பாஸ்வேர்டு பிள்ளைக்குத் தெரியாததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்