விடுதலைப் பத்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் நாளிதழில் எழுத்தாளர் அருந்ததி ராய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். காதல், விடுதலை, சமூக நீதி மூன்றையும் அவர் எழுத்தில் பிரிக்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் மூன்றும் எங்கே வந்து சேர்கின்றன என்று சொல்லாமலே முடித்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் சொத்தில்தான்.

அவருடைய ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ நாவலில் அம்மு, தலித்தான வெளுத்தாவை நேசிக்கிறாள், போலீஸ் அவனை அடித்தே கொல்கிறது, அதை எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அதே அம்மு ஊறுகாய்த் தொழிற்சாலையில் அண்ணனுக்குச் சமமாக உழைத்தும் அண்ணன் அதைத் தன்னுடையது என்றே சொல்வதும், மகளாகப் பிறந்ததால் அவளுக்கு அதில் ஒரு பாத்தியதையும் இல்லை என்பதும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. விஷயம் வெளியே தெரிந்ததும் அவளை வீட்டைவிட்டுப் போகச் சொல்ல முடிந்தது அதனால்தானே?

அது வெறும் கதையும் இல்லை. அம்முவுடையது கேரளக் கிறிஸ்தவக் குடும்பம். அங்கே இருந்த 1916ஆம் ஆண்டு திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. அருந்ததி ராயின் அம்மா மேரி ராய் தன் சொந்தக் குடும்பத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதற்கு முடிவு கட்டினார். அந்த அம்மா வளர்த்த பெண் எழுதிய காதல் கதையில் சொத்து வராமல் எப்படி இருக்கும்?

நம் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989இலேயே சட்டம் வந்துவிட்டது, மத்திய சட்டம் அந்த இடத்துக்கு வர 2005 ஆனது. பெருமைதான். அப்புறம் நடப்பது என்ன? அப்பா காரியம் முடிந்த மூன்றாம் மாதம் என்னையும் அக்காவையும் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார்கள். நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இனி அண்ணன் தம்பி உறவு வேண்டாமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். யாரும் மிரட்டவில்லை, அன்பாகத்தான் கேட்டார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டோம், கைரேகையும் வைத்தோம். சொத்தில் எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லும் அந்தத் தாளின் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. நான்கு வருடம் கழித்து அக்கா கணவனைவிட்டு வந்து நின்றபோது, பிறந்த வீட்டில் அவள் விருந்தாளி.

அதே பத்திர ஆபீஸ் பலகையில்தான், சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்ய விரும்புகிறவர்களின் அறிவிப்பையும் ஒட்டி 30 நாள் காத்திருக்க வைக்கிறார்கள். சாதி மாறிக் காதலிக்கிற பிள்ளைகளுக்கு அந்த 30 நாள் எவ்வளவு பெரிய ஆபத்து என்று உங்கள் நிருபர்களுக்கே தெரியும். போக ஒரு வீடு, கையில் ஒரு பங்கு இருக்கிற பெண்ணாவது அதைத் தாங்கிவிடுவாள், பங்கையும் எழுதிக் கொடுத்துவிட்டவள் எங்கே போவாள்?

தமிழ்நாட்டில் ஒரு வருடத்தில் மகள்கள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரங்கள் எத்தனை என்று பதிவுத்துறையிடம் கேட்டு வாங்கி உங்கள் முதல் பக்கத்தில் போடுங்கள். என் கையெழுத்தும் அக்கா கையெழுத்தும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி