பாலாற்றுத் தண்ணீரையும் கழிவையும் சேர்த்துக் கண்காணிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பாலாற்றங்கரை விவசாயிகள், பொதுமக்கள்,
பள்ளிகொண்டா சுற்றுவட்டாரம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: பாலாற்றுக்கு மூன்று மாவட்டக் கூட்டுக் குழு அமைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பாலாற்றில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். அந்த மணலுக்கு அடியில் ஓடும் ஊற்றைத்தான் நாங்கள் குடிக்கிறோம், பயிருக்கும் பாய்ச்சுகிறோம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆற்றில் இறங்கினால் அது கீழே உள்ள எங்கள் கிணறுகளைத்தான் தேடி வரும். தோலுக்குப் போடும் உப்பு சாதாரண சுத்திகரிப்பில் போவதில்லை. நிலத்தில் ஏறிவிட்டால் தென்னைகூடத் தாங்காது.

தொழிலை மூடச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தோல் கழிவு மட்டுமே காரணம் என்றும் சொல்லவில்லை. வேலூர் நகரச் சாக்கடையும் நிக்கல்சன் கால்வாய் வழியாக இதே ஆற்றில்தான் சேர்கிறது.

ஆற்றைத் துண்டு துண்டாகப் பார்ப்பதுதான் எங்கள் பெரிய குறை. குடிநீர் ஒரு வாரியம், கழிவு இன்னொரு வாரியம், தடுப்பணை நீர்வளத் துறை, சாக்கடை உள்ளாட்சி. எங்கே போனாலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரில், நாங்கள் வேலூரில், பாலாறு அணைக்கட்டு ராணிப்பேட்டையில். தடுப்பணை கட்டினால் ஊற்று ஏறும், சந்தோஷம்தான். ஆனால் மேலே கழிவை நிறுத்தாமல் கட்டினால் நல்ல தண்ணீரோடு அதுவும் தேங்கி நிலத்தில் இறங்குமே! இந்தக் கேள்வியை இன்று எந்த ஒரு துறையிடம் கேட்பது?

மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.8.1996 அன்று சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க 30.1.2025 அன்று மறுபடியும் உத்தரவிட்டது.

ஆகவே மூன்று மாவட்ட ஆட்சியர்களும் இந்தத் துறைகளும் கரையோர விவசாயிகளும் உட்காரும் ஒரு குழுவை அமைத்துத் தர வேண்டுகிறோம். எங்கே எவ்வளவு தண்ணீர் எடுக்கிறார்கள், எங்கே என்ன கழிவு விழுகிறது என்பது ஒரே பதிவேட்டில் வர வேண்டும். குடிநீர்க் கிணறுகளில் உப்பையும், தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தையும் மாதாமாதம் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அப்புறம், மழை வெள்ளத்தோடு கழிவைத் திறந்துவிட்டு ஆறு நுரைத்து வருவதைத் தடுக்க, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரவிலும் கண்காணிப்பு வேண்டும். குழுவின் முதல் கூட்டத்தை இந்த மழைக்கு முன்பே கூட்ட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரை விவசாயிகள், பொதுமக்கள்
இடம்: பள்ளிகொண்டா