நானூறு ரூபாய் வித்தியாசம்

தஞ்சாவூர்
1-3-2026, ஞாயிறு மதியம்

அன்புள்ள மல்லி,

முதலில் திட்டி முடித்துவிடு. அப்புறம் படி.

தீபாவளிக்குப் பேசுகிறேன் என்றேன், பொங்கலும் போய்விட்டது. உன் பெண் நிச்சயதார்த்தத்துக்கு வராததற்கு நான் சொன்ன காரணம் பாதிதான் உண்மை, மீதியை நேரில் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குப் பத்தாவது பரிட்சை நெருங்குகிறது, அவளைவிட எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சின்னவன் வழக்கம்போல. மாமியாருக்கு முட்டி வலி. நம் ஹாஸ்டல் வார்டன் பாட்டியைப் பெரிய கோயில் வாசலில் பார்த்தேன். என்னைப் பார்த்தவுடன் "அந்த மல்லிகா எங்கே?" என்றுதான் கேட்டது. முப்பது வருஷத்துக்கு அப்புறமும் சந்தேகம் உன் மேல்தான் போல.

வாட்ஸாப்பில் சொல்லாமல் இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், போனில் சொன்னால் நீ பாதியிலேயே "வா வா" என்றுவிடுவாய். மீதியைச் சொல்ல விடமாட்டாய்.

விஷயம் இதுதான். மே மாதம் ஊட்டிக்குப் போவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. நாங்கள் நாலு பேர், மாமியார், கொழுந்தனார் வீட்டில் மூன்று பேர், ஆக எட்டு. எதில் போவது என்பதில் மூன்று வாரமாகச் சண்டை. கடைசியில் பால் கணக்கு நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து நான் கணக்கெழுத ஆரம்பித்தேன். இப்போது அது பால் கணக்கை வந்து தொட்டுவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் போட்ட கணக்கு ஒரே வரி. இங்கிருந்து ஊட்டி சுமார் 350 கிலோமீட்டர், போக வர 700, அங்கே சுற்ற 100. வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கும். 53 லிட்டர், 101 ரூபாய் வீதம் 5,400. இரண்டு கார், 10,800. "முடிந்தது" என்று பேனாவை மூடிவிட்டார். டோல்? அதற்குக் கொழுந்தனார் பதில் வைத்திருக்கிறார். அவர்தான் போன ஆகஸ்டில் வந்த அந்த 3,000 ரூபாய் வருஷ பாஸை வாங்கி வைத்திருக்கிறாரே. 200 தடவை டோல் தாண்டலாம். வாங்கின நாளிலிருந்து டோல் இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே போகிறார். எங்கள் காருக்கு அந்த பாஸ் செல்லாது என்று நான் சொன்னால், "அதையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி, லாபம்தான்" என்கிறார். லாபம் பார்க்க 3,000 செலவு பண்ணச் சொல்கிற ஆளிடம் என்ன பேசுவது?

ஓரகத்தி வேன் கட்சி. எல்லோரும் சேர்ந்து போகலாம், பாட்டுப் பாடலாம், பாதி வழியில் நிறுத்திக் கட்டுசாதம் சாப்பிடலாம் என்கிறாள். எனக்கும் ஆசைதான். விசாரித்தேன். கிலோமீட்டருக்கு 22 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர். இதில்தான் சூட்சுமம். ஊட்டியில் இரண்டாம் நாள் வேன் லாட்ஜ் வாசலில் சும்மா நின்றாலும் 250 கிலோமீட்டர் ஓடியதாக அர்த்தம். அதோடு நாள் என்பது நடுராத்திரிக்கு நடுராத்திரியாம். புதன் ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் ஒரு நாள் காலி. நாலு நாள், 1,000 கிலோமீட்டர், 22,000. டிரைவர் பேட்டா நாளுக்கு 600. ஆக 24,400. டோல், பார்க்கிங் நம் தலையில். நாம் போகாத 200 கிலோமீட்டருக்கு மட்டும் 4,400 ரூபாய். அந்தக் காசுக்குப் பாட்டை வீட்டிலேயே பாடலாம் என்றேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஒன்று கவனித்தேன் மல்லி. யார் கணக்கில் எது விட்டுப்போகிறது என்று பார்த்தாலே அவருக்கு எதில் ஆசை என்று தெரிந்துவிடுகிறது. இவர் கணக்கில் இடுப்பு வலி இல்லை. போன தடவை குற்றாலம் போய்விட்டு வந்து மூன்று நாள் லீவு போட்டவர். கொழுந்தனார் கணக்கில், ஊட்டிக்குள் வண்டி நுழைய வாங்க வேண்டிய இ-பாஸ் இல்லை. "அது ஐந்து நிமிஷ வேலை" என்கிறார். அது 2024 மே மாதத்திலிருந்து இருக்கிறது. போன வருஷம் சீசனுக்குக் கோர்ட்டே எண்ணிக்கை வைத்துவிட்டது, வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. இந்த வருஷமும் அப்படியே வைத்தால் ஐந்து நிமிஷமெல்லாம் அந்த 6,000 நிரம்புவதற்குள்தான். கல்லாறு செக்போஸ்ட் வரை போய்த் திரும்பி வந்தவர்கள் கதையை நீயே சொல்லியிருக்கிறாய். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

என் கணக்கு ரயில். சிரிக்காதே. ஜன் சதாப்தி சாயங்காலம் இங்கே வருகிறது, ராத்திரி கோயம்புத்தூர். ஆளுக்கு இருநூறுகூட ஆகாது, ஏழு டிக்கெட் 1,400 என்று வைத்தேன். கொழுந்தனார் பிள்ளைக்கு நாலு வயது, டிக்கெட் வேண்டாம். நம் சின்னவனுக்குப் பத்து, இடம் வேண்டுமென்றால் முழுக் காசு. திரும்பும்போது நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் செம்மொழி, படுத்துக்கொண்டு வரலாம், 1,600. (அந்த வண்டிக்குத் தேதியைப் பார்த்துப் போட வேண்டும். ஒரு தடவை இவர் சனிக்கிழமை ராத்திரி என்று சனிக்கிழமை தேதிக்கே எடுத்துவிட்டு, பெட்டியோடு ஸ்டேஷனில் நின்றோம். வண்டி முந்தின ராத்திரியே போயிருந்தது.) கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு அந்த நேரத்தில் டாக்ஸி, எட்டுப் பேர் என்பதால் பெரிய வண்டி, 2,000. மலை ரயில் ஆளுக்கு 300 பக்கம், 2,100. ஊட்டியில் இரண்டு நாள் சுற்ற உள்ளூர் வண்டி 6,000. இறங்க பஸ்ஸும் அதுவும் இதுவுமாக 800. கூட்டினால் 13,900.

கார் 10,800, ரயில் 13,900. ரயில் 3,100 அதிகம். என்ன செய்தேன் தெரியுமா? "சர்வீஸ் விடாமல் மலை ஏறுவீர்களா? பிரேக் பார்க்க வேண்டாமா?" என்று கார் பக்கத்தில் 3,500 எழுதினேன். 14,300 ஆயிற்று. ரயில் நானூறு ரூபாயில் ஜெயித்துவிட்டது! இவர் நோட்டை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரிதான். அதனால் ஒன்றும் பேச முடியவில்லை.

இனிமேல்தான் நீ திட்ட வேண்டிய இடம். மலை ரயில் காலை 7:10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்புகிறது. முந்தின ராத்திரியே அங்கே இருந்தாக வேண்டும். விடியற்காலை கோயம்புத்தூரில் இறங்கி மாமியாரை இழுத்துக்கொண்டு ஓடினால், வண்டி அரை மணி நேரம் தாமதமானாலும் போச்சு. எட்டுப் பேருக்கு மேட்டுப்பாளையத்தில் ரூம் போட்டால் இரண்டு ரூம் 4,000. அந்த வரியை எழுதினால் என் ரயில் தோற்றுவிடும். அதனால் "மேட்டுப்பாளையம் தங்கல்" என்று எழுதி, பக்கத்தில் பூஜ்யம் போட்டேன். அந்தப் பூஜ்யம் நீதான்.

உன்னைக் கேட்காமலே போட்டுவிட்டேன். நாலு மாதமாகப் பேசாமல் இருந்துவிட்டு, கணக்கில் ஒரு ஓட்டை விழுந்தவுடன் உன் ஞாபகம் வந்தது என்று நினைத்துக்கொள். உண்மையும் அதுதான். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

ஏன் ரயில்தான் என்று இத்தனை பிடிவாதம் என்று இவர் கேட்டார். மாமியாருக்குக் காரில் மணிக்கணக்கில் காலை மடக்கி உட்கார முடியாது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் உன்னிடம் அதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

1997 ஊட்டி டூர். 450 ரூபாய். எல்லோரும் பேர் கொடுத்தீர்கள். எனக்குக் காய்ச்சல் என்றேன். நீ நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய், ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டாய். இந்த 29 வருஷத்தில் ஒரு தடவைகூட நீ அதைப் பற்றிக் கேட்டதில்லை. நான் அப்பாவிடம் கேட்கவே இல்லை மல்லி. கேட்டிருந்தால் எங்கேயாவது புரட்டிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

திரும்பி வந்து ஒரு தைல பாட்டிலும் வர்க்கியும் கொடுத்தாய். அப்புறம் ஒரு வாரம் உன் வாயில் அந்த ரயில்தான். நடுவில் பல் சக்கரம் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, பின்னாலிருந்து என்ஜின் தள்ளுகிறது, பதினாறு குகை, ஒவ்வொன்றிலும் நீங்கள் கத்தினீர்கள் என்று. கேட்கக் கேட்க எனக்கு உன் மேல் கோபம் வரும், ஆனால் நிறுத்தவும் சொல்ல மாட்டேன். அந்த பாட்டில் காலியான பிறகும் கல்யாணம் வரை டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இதற்கு நடுவில் இரண்டு தடவை ஊட்டி போய்விட்டேன், இரண்டும் பஸ்ஸில். பர்லியார் தாண்டும்போது கீழே தண்டவாளம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

சரி, விடு. நடக்க வேண்டியதைப் பார்ப்போம்.

மே 20 புதன் கிளம்பி, 21 வியாழன் மலை ரயில், 23 சனி இறங்குவது என்று வைத்திருக்கிறேன். முன்னால் போக முடியாது. தேர்தல் தேதி இன்னும் அறிவிக்கவில்லை, எங்களைப் போன்ற வாத்தியார்களுக்கு எந்தச் சாவடி என்று எவன் கண்டது? 2021-இல் ஏப்ரல் 6, 2016-இல் மே 16. மோசமாகப் போனாலும் 20-க்குள் முடிந்துவிடும் என்று நம்பிக்கை. இதனால் லாட்ஜில்தான் இடிக்கிறது. ரத்து செய்தால் காசு திரும்பாது என்ற ரூம் மலிவு, திரும்பும் என்ற ரூம் ராத்திரிக்கு 600 அதிகம். ரயிலில் அந்தக் கவலை இல்லை, இரண்டு நாள் முன்னால் ரத்து செய்தால் உட்காரும் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 60 ரூபாய்தான் பிடிப்பார்கள். ஒரு லாட்ஜுக்கு நேராகப் போன் பண்ணினேன், செயலியில் காட்டிய விலையைவிட 350 குறைத்துச் சொன்னார்கள். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

முன்பதிவு இப்போது 60 நாள்தான், முன்பு போல 120 இல்லை. 21-ஆம் தேதி மலை ரயிலுக்கு மார்ச் 22 ஞாயிறு காலை 8 மணிக்குத் திறக்கும். இருக்கிறதே நாலைந்து சின்னப் பெட்டி, சீசன் வேறு. நான் ஒரு போன், பெரியவள் ஒரு போன் என்று உட்காரப் போகிறோம். கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ஓடும் ரயிலில் ஏற வேண்டியதுதான். அதில் பல் சக்கரம் கிடையாது என்று தெரியும். இருந்தாலும் ரயில்தானே என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

மாமியார் இன்னும் தனக்குப் பாதி டிக்கெட் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். 2020 மார்ச்சோடு அந்தச் சலுகை போய்விட்டது என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. மலையில் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதில் ஏறி ஒரு நாள் முழுக்கச் சுற்றப் போகிறாராம். நீயும் உளறிவிடாதே.

உன் வீட்டுக்காரர் விடியற்காலை உருளைக்கிழங்கு மண்டிக்குக் கிளம்பும் சத்தத்திலேயே நாங்களும் எழுந்துகொள்வோம், அலாரம் வேண்டாம். காலையில் ஒன்றும் செய்யாதே, கட்டுசாதத்தில் பாதி மிச்சம் இருக்கும். நீ கேட்க மாட்டாய், தெரியும். இட்லி என்றால் என் பெண்ணுக்கு உன் பூண்டுச் சட்னி.

இன்னொன்று, 21-ஆம் தேதி உனக்கும் ஒரு டிக்கெட் எடுக்கட்டுமா? எட்டாவது சீட். குன்னூர் வரைக்குமாவது வா. 300 ரூபாய் என் கணக்கில். அப்போதும் ரயில்தான் ஜெயிக்கும், நூறு ரூபாயில். மார்ச் 21-க்குள் போன் பண்ணு. நீல வாளி விஷயத்தை உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாயா இல்லையா என்பதையும் சொல்லிவிடு, அதற்குத் தகுந்தபடி நாங்கள் பேச வேண்டும்.

அன்புடன்,
கமலி

பி.கு: எங்களுக்கெல்லாம் பாய் போதும். மாமியாருக்கு மட்டும் கட்டில்.